டிகோடர்புரோவில் எஞ்சினின் வேக வளைவைச் சீரமைக்கும் முறை

டிசிசி முறையில் (தண்டவாளம் வழியே ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறையில்) ஓடும் மாதிரி ரயில்களில், வெவ்வேறு நிறுவனங்களின் எஞ்சின்கள் இரண்டை ஒரே வண்டித்தொடரில் கோத்தால், மோட்டாரும் பற்சக்கர விகிதமும் வேறுபடுவதால் ஒன்று இழுக்க மற்றொன்று தள்ளாடும். இதைச் சரிசெய்ய ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருளின் டிகோடர்புரோ போதுமானது; எஞ்சினுக்குள் இருக்கும் டிகோடர் என்ற கட்டுப்பாட்டுச் சில்லின் அமைப்புகளைக் கணினியிலிருந்தே மாற்ற உதவும் பகுதி இது. அந்த அமைப்புகள் ஒவ்வொன்றும் சிவி என்ற எண்ணால் குறிக்கப்படும். தனியாக ஓடும் எஞ்சினுக்கு, தொடக்க, உச்ச, நடு வேகங்களைக் குறிக்கும் சிவி 2, 5, 6 ஆகிய மூன்றுமே பெரும்பாலும் போதும். 28 புள்ளிகள் கொண்ட முழு வேக அட்டவணை (சிவி 67 முதல் 94 வரை), எஞ்சின்களை ஜோடி சேர்ப்பவர்களுக்கே உண்மையில் தேவைப்படுகிறது.

முதலில் எஞ்சினை இரு திசைகளிலும் சில நிமிடங்கள் ஓடவிட்டுச் சூடேற்றுங்கள். குளிர்ந்த மோட்டாரில் எடுத்த அளவு பிறகு பொருந்தாது. அடுத்து அதை நிரலாக்கத் தண்டவாளத்தில் (டிகோடரைப் படிக்கவும் எழுதவும் தனியாக ஒதுக்கியதில்) நிறுத்தி, எல்லா சிவி மதிப்புகளையும் படித்து, ரோஸ்டர் என்ற மென்பொருளின் எஞ்சின் பட்டியலில் சேமித்துக்கொள்ளுங்கள். சிவி 3, சிவி 4 இரண்டையும் 0 ஆக்குங்கள். இவை முடுக்கத்தையும் வேகத்தணிவையும் தாமதப்படுத்துபவை என்பதால், இவற்றை விட்டுவைத்தால் நீங்கள் அளப்பது எஞ்சினின் நிலையான வேகமாக இருக்காது.

வேக அட்டவணை இயங்க, சிவி 29 இன் மதிப்புடன் 16 ஐக் கூட்ட வேண்டும். அது 6 ஆக இருந்தால் 22 ஆகும். பலர் இதை மறந்துவிட்டு, சிவி 67 முதல் 94 வரை எதை மாற்றினாலும் பயனில்லையே என்று டிகோடரைக் குறை சொல்வதுண்டு.

இனி எஞ்சினை முதன்மைத் தண்டவாளத்துக்கு மாற்றி, ஓட்டியபடியே மதிப்புகளை எழுதலாம். அட்டவணையை நேர்கோடாக்கிவிட்டு, முதலில் சிவி 67 ஐச் சரிசெய்யுங்கள்: திராட்டிலின் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின்) முதல் வேகப் படியில் சக்கரம் விக்காமல் மெல்ல உருள வேண்டும். பின்னர் உச்சமான சிவி 94. எச்ஓ அளவில், அதாவது 1:87 இல், 2 மீட்டர் தூரத்தை 10.4 விநாடியில் கடந்தால் அது மணிக்கு 60 கிலோமீட்டருக்கு ஈடாகும்; 6.3 விநாடி என்றால் ஏறத்தாழ 100. இரு முனைகளும் அமைந்த பிறகே நடுப்புள்ளியான சிவி 80 ஐத் தொட வேண்டும். திராட்டிலில் 126 படிகள் இருந்தால் இது 63 ஆம் படிக்கு நேராக வரும். மற்ற புள்ளிகளை இந்த மூன்றுக்கும் இடையே சீராக உயரும்படி அமைத்தால் போதும். ஒவ்வொன்றையும் அளந்து பார்ப்பது வீண் உழைப்பு.

ஜோடி சேர்க்கும்போது மெதுவான எஞ்சினையே அளவுகோலாக வையுங்கள், ஏனெனில் வேகமானதைக் குறைக்கலாமே தவிர, மெதுவானதை அதன் மோட்டாரின் எல்லைக்கு மேல் உயர்த்த முடியாது. இரண்டையும் கோக்காமல் ஒரு சாண் இடைவெளியில் ஒரே படியில் ஓடவிட்டால், அந்த இடைவெளி சுருங்குவதையோ விரிவதையோ வைத்தே எந்தப் புள்ளியைத் திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும். கீழ்ப்படிகளில் இடைவெளி மாறாதிருப்பதே முக்கியம். உச்ச வேகத்தில் வரும் சிறு வேறுபாட்டை இணைப்பிகளின் தளர்வு ஏற்றுக்கொள்ளும்.

பின்னோக்கி ஓடும்போது மட்டும் வேகம் மாறுபட்டால், டிகோடர் அனுமதிக்கும்பட்சத்தில், சிவி 95 ஐ மாற்றுங்கள். அதில் 128 என்பது மாற்றமின்மையைக் குறிக்கும். கடைசியாக சிவி 3, 4 மதிப்புகளைத் திரும்ப எழுதி, இரு எஞ்சின்களும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் நிற்கின்றனவா என்று பார்த்து, ரோஸ்டரில் மறுபடியும் சேமியுங்கள்.