பிரெஞ்சு சாக்லேட் பெட்டியை வீணாக்கும் வழிகள்

பாரிஸிலிருந்து யாராவது வாங்கிவரும் சாக்லேட் பெட்டி பெரும்பாலும் நேரே ஃப்ரிட்ஜுக்குத்தான் போகிறது. அது ஒரு தவறு. ‘விசேஷத்துக்குப் பிரிக்கலாம்’ என்று மூன்று மாதம் எடுத்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

கைவினைக் கடைகளில் கிடைக்கும் சிறு துண்டுகளை பிரான்ஸில் ‘போன்போன் த ஷொகொலா’ என்பார்கள். பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது கனாஷ், அதாவது சூடான க்ரீமில் சாக்லேட்டைக் கரைத்த கலவை. க்ரீமில் நீர் இருக்கிறது, பதப்படுத்தும் பொருளோ பொதுவாகச் சேர்ப்பதில்லை. அதனால் இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் மணம் மங்கி, ஓரம் காய்ந்துவிடும். வறுத்த ஹேசல்நட் அல்லது பாதாமைச் சர்க்கரைப் பாகோடு அரைத்த பிரலினே துண்டுகளில் நீர் மிகக் குறைவு. அவை சில மாதம் தாங்கும், அதன்பின் கொட்டையின் எண்ணெய் சிக்குவாடை அடிக்கும். கறுப்பு சாக்லேட் பாளம் ஒரு வருடத்துக்கு மேலும் இருக்கும். ஆகவே கனாஷ் முதலில், பிரலினே அடுத்து, பாளம் கடைசியில்.

வைக்க ஏற்ற வெப்பம் 16 முதல் 18 டிகிரி. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் முழுக்க உருகிவிடும். சென்னை மே மாதத்தில் ஃப்ரிட்ஜை விட்டால் வழியில்லை என்பது உண்மைதான். கெடுப்பது குளிர் மட்டும் இல்லை, ஈரமும் கூடத்தான். பெட்டியைப் பிளாஸ்டிக் உறையில் இறுகச் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, காய்கறித் தட்டில் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு இரண்டு மணி நேரம் மூடியைத் திறக்கவே கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த சாக்லேட் மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும். அது சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் வெள்ளையாக உறையும்.

இந்த வெள்ளையைப் பூஞ்சை என்று குப்பையில் போடுபவர்கள் உண்டு. விரலால் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக மறைந்தால் அது கொழுப்பு, சூட்டில் இளகி மேலே வந்து உறைந்திருக்கிறது. சொரசொரப்பாக அப்படியே இருந்தால் சர்க்கரை. இரண்டுமே கெடுதல் செய்யாது, வாயில் கரையும் சுகம்தான் போய்விடும். பஞ்சு போல வளர்ந்திருந்தால் மட்டும் தூக்கி எறியுங்கள்.

அடுத்தது சதவீத மயக்கம். சாக்லேட் உறையில் 70% என்று இருந்தால் கோகோவின் திடப்பகுதியும் கோகோ வெண்ணெயும் சேர்ந்து 70, மீதி பெரும்பாலும் சர்க்கரை. அந்த எழுபதில் வெண்ணெய் எவ்வளவு, கோகோ கொட்டையை எப்படி வறுத்தார்கள் என்பதை எண் சொல்லாது. 85% வாங்கினால் உயர்ந்த ரசனை என்பது வீம்பு. பார்க்க வேண்டியது பொருள் பட்டியலை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000-ஆம் ஆண்டு விதிப்படி, கோகோ வெண்ணெய் தவிர்த்த ஆறு வகைத் தாவரக் கொழுப்புகளை 5% வரை சேர்க்கலாம். மாங்கொட்டைக் கொழுப்பும் கோகம் கொழுப்பும்கூட அந்த ஆறில் உண்டு. ‘ப்யூர் பேர் த ககாவ்’ என்று உறையில் இருந்தால் கோகோ வெண்ணெய் மட்டுமே சேர்த்தது என்று பொருள்.

‘ஷொகொலாத்தியே’, அதாவது சாக்லேட் கைவினைஞர், என்ற பலகையைப் பார்த்து, கோகோ கொட்டையிலிருந்தே அவர்கள் தயாரிப்பதாக நினைக்கிறோம். பெரும்பாலானோர் வால்ரோனா போன்ற ஆலைகளிலிருந்து கூவெர்த்தூர் என்னும் மூலச் சாக்லேட்டை வாங்குகிறார்கள். குறைந்தது 31% கோகோ வெண்ணெய் உள்ளது அது. லியோனில் 1953-இல் தொடங்கிய பெர்னாஷோன் போலக் கொட்டையைத் தாங்களே வறுப்பவர்கள் குறைவு. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஷொகொலாத்தியேயின் திறமை கனாஷிலும் மேலுறையிலும் தெரியும். ஒரு துண்டைக் கத்தியால் பாதியாக வெட்டுங்கள். மேலுறை மெல்லிய கோடாக, நான்கு பக்கமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். கனாஷில் ஓட்டையோ எண்ணெய்ப் பளபளப்போ கூடாது. பிறகு நாக்கில் வைத்துக் கரைய விடுங்கள். காரக் குழம்புச் சாப்பாடு முடிந்த கையோடு வேண்டாம், ஐஸ் தண்ணீரும் வேண்டாம். நாக்கு குளிர்ந்தால் கோகோ வெண்ணெய் உருகாது, மணமும் வராது.

வரலாற்றிலும் ஒரு தவறு சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1615-இல் பிரெஞ்சு அரசர் பதின்மூன்றாம் லூயியை மணந்த ஆஸ்திரியாவின் ஆன், சாக்லேட்டை பிரான்ஸுக்குக் கொண்டுவந்தார் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். ஸ்பெயின், போர்ச்சுகலின் கத்தோலிக்க மதவிசாரணைக்குத் தப்பி, தென்மேற்கு பிரான்ஸின் பயோன் நகரில் குடியேறிய யூதர்களே அங்கே இத்தொழிலை வேரூன்றச் செய்தவர்கள். அதே ஊரில் 1761-இல் அமைந்த சாக்லேட் தொழிலாளர் சங்கம் அவர்களையே ஒதுக்கப் பார்த்தது. பிரான்ஸில் சாக்லேட் விற்கும் தனியுரிமையை 1659-இல் பதினான்காம் லூயி தாவித் ஷாயூ என்பவருக்குக் கொடுத்தார். அரசர் பாளத்தைக் கடித்துத் தின்றதாகக் கற்பனை செய்யாதீர்கள். அந்தக் காலத்துச் சாக்லேட் முதன்மையாக ஒரு பானம். மெனியே என்ற பிரெஞ்சு நிறுவனம் பாளத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1836-இல்தான்.

அந்தப் பானத்தைக் கோகோ பொடியில் கலக்கி, பிரெஞ்சு பாணி என்று பரிமாறுவதும் தவறே. இரண்டு பேருக்கு 300 மில்லி முழுப்பால், பொடியாக நறுக்கிய 70% சாக்லேட் 80 கிராம். பால் ஓரத்தில் நுரைக்கும்போது இறக்கி, மூன்றில் ஒரு பங்கை மட்டும் சாக்லேட் மேல் ஊற்றி நடுவிலிருந்து கிளறுங்கள். முதலில் திரிந்தது போலத் தெரியும். பயந்து நிறுத்தாமல் கிளறினால் பளபளப்பான பசையாகும். பிறகு மீதிப் பாலைச் சேர்த்து, மெல்லிய தீயில் இரண்டு நிமிடம் விஸ்கால் அடியுங்கள். ஒரே ஒரு கரண்டிப் பால் ஊற்றினால் சர்க்கரை ஈரத்தை இழுத்துக்கொண்டு கட்டிதட்டும். அப்போதும் இன்னும் கொஞ்சம் சூடான பால்தான் மருந்து. வெள்ளை பூத்துப்போன பாளம் வீட்டில் இருந்தால் தாராளமாக இதில் போடலாம், உருகியபின் வித்தியாசம் தெரியாது.