பழைய ஆர்கேட் ஆட்டங்களின் புதிய பதிப்புகளைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேக்-மேன், டாங்கி காங், டெட்ரிஸ் போன்ற பழைய வீடியோ கேம்களை மீண்டும் ஆட விரும்புகிறவர்களில் பலர், பெயரை மட்டும் தட்டித் தேடி, முதலில் கண்ணில் படும் பதிப்பை வாங்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரே பெயரில், ஆர்கேட் எனப்படும் காசு போட்டு ஆடும் கூடங்களில் இருந்த அசல் இயந்திரத்தின் நிரலை அப்படியே இயக்கும் மறுவெளியீடும், அதே ஆட்டத்தைப் புதிதாக எழுதிய ரீமேக்கும், பெயரையும் பாத்திரங்களையும் மட்டும் கடன் வாங்கிய வேறொரு ஆட்டமும் விற்பனையில் இருக்கலாம். இவற்றுள் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் வீட்டுக் கன்சோலுக்காக வந்த பதிப்பை ஆர்கேட் அசல் என்று நம்பிவிடுவது மிகப் பரவலான தவறு. 1981இல் வெளியான டாங்கி காங் ஆர்கேட் இயந்திரத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன. 1983இல் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு வந்தபோது, கன்வேயர் பெல்ட்டுகள் ஓடும் கட்டம் முழுவதுமாக விடுபட்டுப்போனது. இன்றைய ஸ்விட்ச் கன்சோலில் நிண்டெண்டோவின் சந்தா சேவையில் கிடைப்பது அந்த மூன்று கட்டப் பதிப்புதான். நான்கு கட்டங்களும் வேண்டுமானால் பழைய ஆர்கேட் ஆட்டங்களை மறுவெளியீடு செய்யும் ஆர்கேட் ஆர்க்கைவ்ஸ் வரிசையில் 2018இல் வந்த பதிப்பைத் தனியாக வாங்க வேண்டும்.

அதற்காக, அசலிலிருந்து மாறிய ரீமேக்குகளையெல்லாம் மட்டமானவை என்று ஒதுக்குவதும் சரியல்ல. பேக்-மேனை உருவாக்கிய டோரு இவாடானியே முன்னின்று 2007இல் கொண்டுவந்த 'சாம்பியன்ஷிப் எடிஷன்' ஆட்டத்தில், புதிர்வழியின் ஒரு பாதியிலுள்ள புள்ளிகளைத் தின்று முடித்தால் மறு பாதியில் பழம் தோன்றும். அதை எடுத்ததும் காலியான பாதி புதிய வடிவில் மீண்டும் நிரம்பும். பழைய இயந்திரத்தில் பேக்-மேனைத் துரத்தும் பேய்கள் நகரும் முறையை மனப்பாடம் செய்தே நெடுநேரம் தப்பித்தவர்கள்கூட இங்கே புதிதாக யோசித்தாக வேண்டும். என் கணிப்பில், ரீமேக் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

புதிர் ஆட்டங்களில் தோற்றத்தைவிட விதிகளைக் கவனிக்க வேண்டும். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்கும் ஆட்டம் டெட்ரிஸ். 1989இல் நிண்டெண்டோ வெளியிட்ட டெட்ரிஸில் ஒரே கட்டை அடுத்தடுத்து வரலாம், நீளக்கட்டை எப்போது வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. இன்றைய டெட்ரிஸ்களில் பெரும்பாலானவை ஏழு கட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் குலுக்கித் தருவதுபோல் வழங்குவதால், இரண்டு நீளக்கட்டைகளுக்கு இடையே அதிகபட்சம் பன்னிரண்டு கட்டைகளே வரும். ஒரு கட்டையை ஒதுக்கி வைத்துப் பிறகு எடுக்கும் வசதியும் உண்டு. பழைய பதற்றத்தைத் தேடுகிறவர், வாங்குவதற்கு முன் பழைய விதிகளுக்கான தெரிவு அதில் உள்ளதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

டாங்கி காங், பேக்-மேன் போன்ற பல ஆர்கேட் ஆட்டங்கள் நிமிர்ந்த திரைக்காக உருவானவை. பக்கவாட்டில் கறுப்புப் பட்டை தெரிகிறதே என்று படத்தை இழுத்து விரித்தால் உருவங்கள் சப்பையாகிவிடும். தொலைக்காட்சியின் அமைப்புகளில் உள்ள, தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடாவிட்டால், பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே தாமதம் கூடும்.

வாங்கியது என்றைக்கும் இருக்கும் என்றும் எண்ணிவிடக் கூடாது. எலக்ட்ரானிக் ஆர்ட்ஸின் டெட்ரிஸ் கைப்பேசிச் செயலிகள் 2020 ஏப்ரலில் மூடப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களுக்கும் அவை இல்லாமல் போயின. இணைய இணைப்பு இல்லாமலும் ஓடுகிற பதிப்பு கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது.

ஆர்வலர்கள் உருவாக்கி இலவசமாகத் தரும் ஆட்டங்கள் பெரும்பாலும் உரிமைச் சிக்கலைத் தவிர்க்க வேறு பெயரில் இருப்பதால், பழைய பெயரைக் கொண்டு தேடுகிறவர் அவற்றைத் தவறவிடுகிறார். லெம்மிங்ஸ் என்ற பழைய ஆட்டத்தின் பாணியில் பெங்குவின்களை வழிநடத்தும் 'பிங்கஸ்', வண்ணக் குமிழ்களை எய்து பொருத்தும் பசில் பாபிள் ஆட்டத்தின் வழியில் வந்த 'ஃப்ரோசன் பபிள்' ஆகியவை அப்படிப்பட்டவை. இவற்றைக் கண்டுபிடிக்க, ஆட்டத்தின் பெயரோடு அதில் என்ன செய்கிறோம் என்பதையும் சேர்த்துத் தேட வேண்டும்.