டாரட் சீட்டை மேடைக்குத் தயார் செய்வது

மெண்டலிசத்துக்கு, அதாவது மனதைப் படிப்பதுபோல் காட்டும் மேஜிக்குக்கு, குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டுகள் 78ம் வேண்டாம். பெரிய அர்கானா எனப்படும் முக்கியப் படச் சீட்டுகள் 22 போதும். அதிலும் 13ஆம் எண், மரணச் சீட்டை நான் எடுத்துவிடுவேன். அதைப் பார்த்துச் சுருங்கிய முகத்தைச் சிரிக்க வைப்பதற்குள் நேரம் போய்விடும்.

கட்டு வாங்கும்போது முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். தலைகீழாகத் திருப்பினால் வேறாகத் தெரியும் டிசைன்தான் நமக்கு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே திசையில் அடுக்குங்கள். பார்வையாளர் ஒன்றை எடுத்துப் பார்க்கும்போது, பேச்சோடு பேச்சாகக் கையிலுள்ள கட்டை அரைச்சுற்று திருப்புங்கள். அவர் திரும்பச் செருகினால் அது மட்டும் எதிர்த்திசையில் நிற்கும். கலைத்தாலும் கண்டுபிடித்துவிடலாம். சிலர் சீட்டைக் கையிலேயே சுழற்றிவிடுவார்கள். அப்போது கட்டைத் திருப்பாதீர்கள்.

அப்புறம், பளபளப்பான சீட்டு விளக்கில் மின்னும், படம் தெரியாது. மங்கலான பூச்சே நல்லது.