பழைய ஆய்வுக் கட்டுரையைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன வாரம், ஆய்வுப் படிப்பில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வந்து, "இந்தப் பேப்பர் எங்கேயுமே இல்லைங்க, எல்லா இடத்திலும் தேடிட்டேன்" என்றார். எல்லா இடம் என்றால் எதெது என்று கேட்டேன். கூகுள் ஸ்காலர், அப்புறம் கூகுள். சிரிக்க வாயெடுத்தவன், அதே வயதில் அதே வாக்கியத்தை நானும் சொன்னது நினைவுக்கு வரவும் அடக்கிக்கொண்டேன்.

தலைப்பைத் தப்பாக அடிப்பது, மேற்கோள்குறி போடாமல் தேடுவது போன்றவை ஒரு நாளில் தானாகவே சரியாகிவிடும். மாதக்கணக்கில் நேரத்தைத் தின்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## ஐந்து பேர் சொன்னால் ஐந்து சாட்சி என்று நம்புவது

எனக்கு ஒருமுறை, உப்புக் கரைசல்களின் பாகுத்தன்மை பற்றிய பழைய ஜெர்மன் கட்டுரை ஒன்று தேவைப்பட்டது. ஐந்து பேப்பர்கள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. ஐந்திலும் ஒரே தொகுதி எண், ஒரே பக்கம். இதற்கு மேல் எதைச் சரிபார்ப்பது? நூலகங்களுக்கிடையிலான இரவல் மூலம் நகல் கேட்டேன். மூன்று வாரம் கழித்து வந்து சேர்ந்தது, காந்தவியல் பற்றி யாரோ எழுதிய கட்டுரையின் நடுப்பக்கங்கள்.

அனுப்பிய நூலகம்தான் குளறுபடி செய்துவிட்டது என்று முடிவுகட்டி, கொஞ்சம் காரமாகவே மறுபடி எழுதினேன். அதே பக்கங்கள் திரும்பவும் வந்தன. கூடவே பணிவாக ஒரு குறிப்பு: நீங்கள் கேட்ட தொகுதியில் நீங்கள் கேட்ட பக்கங்கள் இவைதான். இரண்டு முறை கட்டணம் கட்டியதும் ஏழு வாரம் போனதும்தான் மிச்சம்.

நடந்தது இதுதான். கட்டுரை இருந்தது 73-ஆம் தொகுதியில். முதலில் மேற்கோள் காட்டியவர் 37 என்று எழுதிவிட்டார். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவரைப் பார்த்து அதற்கடுத்தவர். வாய் ஐந்து, சாட்சி ஒன்று. பிந்தைய நால்வரும் மூலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. ஆனாலும் அதில் ஒருவர், மூல ஆசிரியர் இதை "விரிவாக விளக்கியுள்ளார்" என்று எழுதியிருந்தார். அந்த வார்த்தை இன்றைக்கும் எனக்கு எரிச்சலைக் கிளப்பும்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த கெட்ட நேரம் இல்லை. சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர், புகழ்பெற்ற ஓர் இயற்பியல் கட்டுரைக்கு வந்த சுமார் 4300 மேற்கோள்களை அலசி 2003-இல் கணக்குப் போட்டார்கள். 196 மேற்கோள்களில் பிழை. ஆனால் வெவ்வேறு பிழைகள் என்று பார்த்தால் 45-தான். ஒரே பிழை மட்டும் 78 முறை வந்திருந்தது. 78 பேருக்கும் தனித்தனியாக ஒரே இடத்திலா கை தவறும்? மேற்கோள் காட்டுகிறவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் மூலத்தைப் படிக்கிறார் என்பது அவர்களுடைய மதிப்பீடு.

இதைவிடப் பெரிய கூத்தும் உண்டு. 1887-இல் யாரோஸ்லாவ் ஹ்லாவா என்ற செக் மருத்துவர் "ஓ ஊப்லவிட்சி" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டார். செக் மொழியில் அதற்கு "வயிற்றுக்கடுப்பைப் பற்றி" என்று பொருள். ஜெர்மனில் அதற்குச் சுருக்கம் எழுதியபோது, தலைப்பே ஆசிரியர் பெயராகிவிட்டது. ஊப்லவிட்சி என்ற பிறக்காத மருத்துவர் அரை நூற்றாண்டு காலம் மேற்கோள்களில் உலவினார். 1938-இல் கிளிஃபர்ட் டோபெல் என்ற ஆங்கில உயிரியலாளர் உண்மையை வெளிப்படுத்தித்தான் அவருடைய கதையை முடித்தார். அந்தப் பெயரை வைத்து மூலத்தைத் தேடியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? முதலில், அந்த ஆண்டுக்கு அந்தத் தொகுதி எண் வருமா என்று பாருங்கள். சில இதழ்கள் ஆண்டுக்கு மூன்று நான்கு தொகுதிகள்கூட வெளியிட்டன. அதனால் உறுதியாகத் தெரிந்த இரண்டு ஆண்டுகளின் தொகுதி எண்களை எடுத்துக்கொண்டு, உங்கள் எண் இடையில் பொருந்துகிறதா என்று கணக்கிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. நான் செய்திருந்தால் 37 என்பது அப்போதே பல்லிளித்திருக்கும்.

அடுத்து, மேற்கோள் காட்டியவர்களில் காலத்தால் மிக முந்தையவரைப் பிடியுங்கள். அவர் எழுதியதும் தப்பாக இருக்கலாம், என்னுடையவர் செய்ததுபோல. ஆனால் நகலின் நகலோடு மல்லுக்கட்டாமல் பிழை பிறந்த இடத்துக்கே போய்விடலாம். அங்கிருந்து அந்தக் காலத்து அட்டவணைகளோடு ஒப்பிடுங்கள். 1800 முதல் 1900 வரை வெளிவந்த கட்டுரைகளுக்கு ராயல் சொசைட்டியின் பட்டியல் 19 தொகுதிகளாக இருக்கிறது. வேதியியல் என்றால் 1907 முதல் கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற சுருக்கத் தொகுப்பு. அங்கேயும் சறுக்கல் உண்டு, ஹ்லாவாவைக் கேட்டால் சொல்வார். ஆனால் எங்கோ தனியாக உட்கார்ந்து ஒருவர் பதிந்த குறிப்பும் உங்கள் மேற்கோளும் ஒத்துப்போனால், அதுதான் இரண்டாவது சாட்சி.

## தொடர் எண்ணைக் கவனிக்காமல் விடுவது

போன வாரம் வந்தவர் மாட்டிக்கொண்டது இங்கேதான். பழைய இதழ்கள் அவ்வப்போது "புதிய தொடர்" என்று அறிவித்துவிட்டு, தொகுதி எண்ணை மறுபடி 1-இலிருந்து தொடங்கும். ஐன்ஸ்டைனின் 1905 சார்பியல் கட்டுரையையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னாலென் டெர் பிசிக் இதழின் 17-ஆம் தொகுதி என்று ஓரிடத்தில் இருக்கும், 322 என்று இன்னோரிடத்தில் இருக்கும். 17 நான்காம் தொடருக்குள் எண்ணியது, 322 ஆதியிலிருந்து எண்ணியது. இரண்டும் சரி.

இது போதாதென்று, இதழாசிரியர் பெயரால் இதழை அழைக்கும் வழக்கமும் இருந்தது. "போகென்டார்ஃபின் அன்னாலென்" என்று தனி இதழ் கிடையாது. அதே அன்னாலென்தான்.

## ஒரே ஓர் ஆண்டில் தேடுவது

மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆய்வை வாசித்தது 1865-இல், அச்சில் வந்தது 1866-இல். வெளிவந்த தொகுதியின் மேல் போட்டிருப்பதோ 1865-க்கானது என்று. முன்னும் பின்னும் ஓராண்டு சேர்த்தே தேடுங்கள்.

## பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் என்று நினைப்பது

ரஷ்யக் கணிதர் செபிஷேவின் பெயர் லத்தீன் எழுத்தில் C-யிலும் தொடங்கும், T-யிலும் தொடங்கும்.

## கட்டுரைத் தலைப்பை வைத்தே தேடிக்கொண்டிருப்பது

ஹாத்திட்ரஸ்ட், இன்டர்நெட் ஆர்க்கைவ், பிரெஞ்சு இதழ்களுக்கு கலிகா, உயிரியலுக்கு பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்று இணைய நூலகங்கள் இருக்கின்றன. இங்கெல்லாம் பழைய இதழ்கள் பெரும்பாலும் முழுத் தொகுதியாகவே ஸ்கேன் ஆகியிருக்கும். உள்ளே இருக்கும் கட்டுரைத் தலைப்பு அட்டவணையில் ஏறியிருக்காது. பழைய ஜெர்மன் அச்செழுத்தைக் கணினி படிக்கும் லட்சணத்துக்கு, சொல் தேடலையும் நம்ப முடியாது. இதழின் பெயரையும் தொகுதியையும் வைத்துத் தேடிப் புத்தகத்தைத் திறந்து, கையால் பக்கம் புரட்டுங்கள்.

## "தனிப்பட்ட தகவல்" என்று போட்ட மேற்கோளைத் துரத்துவது

அது ஒருவர் கடிதத்திலோ பேச்சிலோ சொன்னது, கட்டுரையே இல்லை. விட்டுவிடுங்கள்.

## நூலகரிடம் கடைசியாகப் போவது

முதலில் போங்கள்.

## படத்தட்டுகளை மறப்பது

பழைய தொகுதிகளில் படங்கள் பல சமயம் கட்டுரையோடு இருக்காது. தொகுதியின் கடைசியில், மடித்த தாள்களாக மொத்தமாகச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். கட்டுரையின் பக்கங்களை மட்டும் இறக்கிக்கொண்டால், "படம் 4-ஐப் பார்க்க" என்ற வரியைப் படித்துவிட்டு விழிக்க வேண்டியதுதான். ஸ்கேன் செய்தவர் தாளைப் பிரிக்காமலே விட்டிருந்தால் இன்னும் வம்பு. போன வாரம் வந்தவருக்குத் தொடர் எண்ணைச் சரிசெய்ததும் அரை மணி நேரத்தில் கட்டுரை கிடைத்துவிட்டது. படத்தட்டு மட்டும் மடித்தது மடித்தபடியே ஸ்கேன் ஆகியிருக்கிறது. அந்தத் தாளைப் பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி இப்போது கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார்.