கிணற்றை அளந்து பயிரைத் தேர்ந்தெடுக்கும் முறை

பினாங்கு மாநிலத்தின் செபராங் பிறையில் குழாய்க் கிணற்றை நம்பிச் சிறுநிலம் வைத்திருப்பவர்கள், அடுத்த போகத்துக்கு என்ன நடுவது என்று முடிவு செய்யும் முன் கிணற்றை அளந்து பார்க்க வேண்டும். பினாங்கில் தீபாவளியை ஒட்டிய வாரங்களில் மழை மிகுந்தும் தைப்பூசத்தை ஒட்டிய வாரங்களில் குறைந்தும் இருப்பதால், இவ்விரு காலங்களிலும் அளந்தால்தான் நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கம் தெரியும். விடியற்காலையில், பம்பை ஓட்டுவதற்கு முன், கயிற்றின் முனையில் எடை கட்டிக் குழாய்க்குள் இறக்கி, நனையாத நீளம் எவ்வளவு என்று நோட்டில் தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். மழை வழக்கம்போலப் பெய்தும் அடுத்த ஆண்டு அதே வாரத்தில் மட்டம் இறங்கியிருந்தால், மண்ணுக்குள் ஊறுவதைவிட நாம் எடுப்பது அதிகம்.

அடுத்தது வாளிக் கணக்கு. 20 லிட்டர் வாளி 10 வினாடியில் நிறைந்தால், பம்பு மணிக்கு 7,200 லிட்டர் இறைக்கிறது. ஓர் ஏக்கர் நெல் வயலில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்த ஏறத்தாழ 200,000 லிட்டர், அதாவது அந்தப் பம்பு 28 மணி நேரம் ஓட வேண்டும். கசிந்து போவது இதில் சேராது. அதே ஏக்கரில் காய்கறி இருந்தால், வெயில் நாளில் 4 முதல் 5 மில்லிமீட்டர், அதாவது 16,000 முதல் 20,000 லிட்டர் போதும். மூன்று மணி நேரத்துக்குள் பாய்ச்சி முடிக்கலாம்.

இதற்காக நெல்லையே கைவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மழைக்காலப் போகத்துக்கு நெல்லை வைத்து, நம் முன்னோர் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடுங்கள். துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, அதற்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. வறண்ட மாதங்களில் அதே நிலத்தில் மேட்டுப்பாத்தி எடுத்து, வெண்டை, பயற்றங்காய், சர்க்கரைவள்ளி ஆகியவற்றைச் சொட்டுநீரில் வளர்த்து, வைக்கோலால் மூடாக்குப் போடலாம். வயல் மண் களிமண் என்பதால் வடிகால் இல்லாத பாத்தியில் வேர் அழுகிவிடும். வடிகால் வெட்டும் வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கடலோர நிலத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. அங்கே நன்னீர், மண்ணுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், அடியிலுள்ள உப்புநீர் காலப்போக்கில் ஏறத்தாழ 40 மீட்டர் வரை மேலேறக்கூடும். எங்கள் வெண்டைச் செடிகளில் இலை ஓரங்கள் தீப்பட்டதுபோல் கருகியபோது, நோய் என்று எண்ணி இரண்டு வாரம் மருந்தடித்தோம். நீரைச் சோதித்த பிறகே உப்பு என்று தெரிந்தது. அப்படிப்பட்ட இடத்தில் கடல் பக்கத்து வரிசையில் தென்னையை வைத்து, காய்கறிப் பாத்திகளை உள்ளே தள்ளுங்கள். ஒரே மூச்சில் நெடுநேரம் இறைக்காமல், இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறையுங்கள்.

முருங்கை, கறிவேப்பிலை இரண்டுக்கும் நம் சமையலறைகளில் ஆண்டு முழுவதும் தேவை உண்டு. வேரூன்றிய பின் அதிக நீர் கேட்பதில்லை, ஆனால் நீர் தேங்கினால் தாங்கா. ஆகவே அவற்றை வரப்பு மேட்டில் நடுங்கள். முதல் ஆண்டில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் மாற்றி, பம்பு ஓடிய நேரத்தையும் விற்ற காசையும் பயிர்வாரியாக அதே நோட்டில் எழுதி வாருங்கள். அடுத்த தைப்பூசத்து அளவைப் பார்த்த பிறகே மீதி நிலத்தைப் பற்றி முடிவெடுங்கள்.