டெர்மினலில் போஸ்ட்கிரஸ்: பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விடாதபோது

உபுண்டு 24.04-இல் ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கட்டளை) வழியாகப் போஸ்ட்கிரஸ் 16 என்ற டேட்டாபேஸ் சர்வரைப் போட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சர்வர் தானாகவே ஓடத் தொடங்கியிருக்கும். லினக்ஸிலும் போஸ்ட்கிரஸ் என்ற பெயரில் ஒரு யூசர் உருவாகியிருக்கும்.

முதலில், சூடோ மைனஸ் யூ போஸ்ட்கிரஸ் பிஎஸ்கியூஎல் என்று அடித்து உள்ளே போங்கள் (பிஎஸ்கியூஎல் என்பது டெர்மினலிலிருந்து டேட்டாபேஸோடு பேசும் புரோகிராம்). வரியின் கடைசியில் # தெரிந்தால் நீங்கள் சூப்பர்யூசர், எதையும் அழித்துவிட முடியும், அதனால் அங்கே ரொம்ப நேரம் இருக்க வேண்டாம். பேக்ஸ்லாஷ் கியூ அடித்து வெளியே வந்து, அதே சூடோ மைனஸ் யூ போஸ்ட்கிரஸ் முன்னொட்டோடு கிரியேட்யூசர், கிரியேட்டிபி கட்டளைகளால் 'கடை' என்று ஒரு யூசரும் அதே பெயரில் ஒரு டேட்டாபேஸும் உருவாக்குங்கள். கிரியேட்யூசரோடு மைனஸ் பெரிய பி சேர்த்தால் பாஸ்வேர்டு கேட்கும். கிரியேட்டிபியோடு மைனஸ் பெரிய ஓ போட்டு 'கடை'யையே உரிமையாளராக்கிவிடுங்கள்.

சரி, இப்போது பிஎஸ்கியூஎல் மைனஸ் பெரிய யூ கடை என்று அடித்தால் "பியர் ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்" என்று வரும். நான் மூன்று முறை பாஸ்வேர்டை மாற்றிப் பார்த்தேன், பாதி ராத்திரி போய்விட்டது. அது பாஸ்வேர்டைக் கேட்கவே இல்லை என்பதைக் கவனித்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். பியர் முறையில் சர்வர் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான்: லினக்ஸில் உங்கள் பெயரும் டேட்டாபேஸ் யூசர் பெயரும் ஒன்றா? இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும்.

எளிய வழி, அதே கட்டளையோடு மைனஸ் சின்ன ஹெச் லோக்கல்ஹோஸ்ட் சேர்ப்பது. அப்போது யூனிக்ஸ் சாக்கெட்டை (அதே மெஷினுக்குள் இருக்கும் நேரடி வழியை) விட்டு 5432 போர்ட் வழியாகப் போகிறீர்கள், அங்கே பாஸ்வேர்டு கேட்கும். எனக்குப் பிடித்ததும் இதுதான், எந்த ஃபைலையும் தொட வேண்டியதில்லை.

தொட்டே ஆக வேண்டுமென்றால் யார் எந்த முறையில் உள்ளே வரலாம் என்று சொல்லும் பிஜி-ஹெச்பிஏ ஃபைலைத் திறங்கள். மேலிருந்து கீழே படித்து முதலில் பொருந்தும் வரியோடு சர்வர் நின்றுவிடும். அதனால் 'கடை'க்குப் பாஸ்வேர்டு கேட்கச் சொல்லும் புது வரியைக் கடைசியில் சேர்த்தால் பலன் இல்லை, பழைய 'லோக்கல் ஆல் ஆல் பியர்' வரிக்கு மேலே வர வேண்டும். அப்புறம் சிஸ்டம்சிடிஎல் ரீலோட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். பியருக்குப் பதில் 'ட்ரஸ்ட்' போடச் சொல்லும் அறிவுரையைத் தயவுசெய்து கேட்காதீர்கள், அந்த மெஷினில் இருக்கும் யார் வேண்டுமானாலும் பாஸ்வேர்டே இல்லாமல் நுழைந்துவிடலாம்.

பின்சேர்க்கை: பிஎஸ்கியூஎல்லுக்குள் கட்டளை கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். வரியின் தொடக்கத்தில் = இருந்த இடத்தில் - வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால், கட்டளையின் கடைசியில் அரைப்புள்ளி (;) விட்டுப்போயிருக்கிறது. அதை மட்டும் அடித்து என்டர் தட்டினால் ஓடிவிடும்.