ஆடிக்காற்றும் ஊஞ்சலும்: ஆற்றல் கணக்குப் போடுவது எப்படி

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் ஆடிக்காற்று பணகுடி, ராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு வேப்பமரத்து ஊஞ்சலையும் சும்மா விடாது. பின்னால் ஒருவர் தாளம் தவறாமல் தள்ளுகிறார், காற்று நினைத்தபோது மோதுகிறது, பலகையில் நிற்கும் பிள்ளை மனம்போல உட்கார்ந்து எழுகிறது. மூன்றும் ஊஞ்சலுக்கு ஆற்றல் கொடுக்கும், ஆனால் கொடுக்கும் விதம் வேறு வேறு. எனவே மூன்றுக்கும் தனித்தனிப் பற்றுவரவு வையுங்கள்.

முதலில் அளந்துகொள்ளுங்கள். கயிறு 3 மீட்டர் என்றால் ஒரு ஆட்டம் சுமார் 3.5 வினாடி, புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஐ நீளத்தால் வகுத்தால் 3.3 வரும், அதை ‘விறைப்பு’ என்று வைத்துக்கொள்வோம். தள்ளாமல் விட்டுவிட்டு, பத்து ஆட்டத்தில் ஒரு மீட்டர் வீச்சு 70 சென்டிமீட்டராகக் குறைந்தால் ஆற்றல் பாதியாகிவிட்டது என்று பொருள், அதாவது இழப்பு வினாடிக்கு சுமார் 0.02 பங்கு.

அப்புறம் கணினி. எக்செல் போதும், பைத்தான் தெரிந்தால் இன்னும் நல்லது. 0.01 வினாடிப் படிகளாகப் போங்கள். விறைப்பை விலகலாலும் (நடுவிலிருந்து ஊஞ்சல் இருக்கும் தூரம்), இழப்பை வேகத்தாலும் பெருக்கிக் கூட்டி, படிநேரத்தால் பெருக்கி வேகத்திலிருந்து கழியுங்கள். முதலில் இப்படி வேகத்தை மாற்றி, அந்தப் புது வேகத்தை வைத்தே இடத்தை நகர்த்த வேண்டும். நான் முதல் தடவை பழைய வேகத்தை வைத்து நகர்த்தினேன். காற்றே இல்லாமல் ஊஞ்சல் மரத்தைத் தாண்டிப் பறந்தது! அந்த முறை விறைப்பைப் படிநேரத்தால் பெருக்கிய அளவு, வினாடிக்கு 0.033 பங்கு பொய் ஆற்றல் சேர்க்கும், நம் இழப்போ 0.02 தான்.

காற்றுக்கு ஒரு வலிமை எண் வையுங்கள். ஒவ்வொரு படியிலும் அந்த எண்ணின் இருமடங்கைப் படிநேரத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, சராசரி 0, திட்டவிலக்கம் 1 உள்ள சீரற்ற எண்ணால் பெருக்கி வேகத்தோடு கூட்டுங்கள், இதுதான் காற்றின் ‘உதை’. எல்லாரும் சறுக்கும் இடம் இதற்கு அடுத்தது. உதைக்கு முந்தைய வேகத்தை உதையால் பெருக்கி ‘காற்று செய்த வேலை’ என்று எழுதினால் சராசரி பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் பாதி உதை கூட ஓடும், பாதி எதிர்த்து ஓடும். உண்மையான வரவு உதையின் வர்க்கத்தில் பாதி. அது ஒருநாளும் எதிர்மறை ஆகாது. அதனால் முன்வேகம், பின்வேகம் இரண்டின் சராசரியால் பெருக்குங்கள். அப்போது கிலோவுக்கு, வினாடிக்கு வரும் ஆற்றல் சரியாக அந்த வலிமை எண்ணே. கயிறு நீளமா குட்டையா என்பது பொருட்டே இல்லை.

பிள்ளையின் சேட்டை வேறு ரகம். தனி வலிமை எண்ணோடு அதே மாதிரி உதைதான், ஆனால் விறைப்பாலும் அப்போதைய விலகலாலும் பெருக்க வேண்டும். நின்ற ஊஞ்சலில் எத்தனை குதித்தாலும் ஒன்றும் நடக்காது, ஏற்கெனவே ஆடினால்தான் வரவு, அதுவும் இருக்கிற ஆற்றலின் விகிதத்தில், வட்டி மாதிரி. சேட்டையின் வலிமை எண்ணை விறைப்பால் பெருக்கினால் வட்டி வீதம், அது 0.02-ஐத் தாண்டினால், அதாவது எண் 0.006-க்கு மேல் போனால், சராசரி ஆற்றல் ஏறிக்கொண்டே போகும்.

இதைப் பார்க்க ஆயிரம் ஓட்டமாவது ஓட்டி, ஒவ்வொன்றின் ஆற்றலையும் தனியாகக் கணக்கிட்டுப் பிறகு சராசரி எடுங்கள். விலகலைச் சராசரி எடுத்தால் சேட்டையே இல்லாத ஊஞ்சல் மாதிரிதான் தெரியும். தள்ளலையும் காற்றையும் நிறுத்திவிட்டு சேட்டை எண்ணை 0.006-க்கும் 0.012-க்கும் நடுவில் வைத்து ஓட்டினால் வேடிக்கை: பெரும்பாலான ஊஞ்சல்கள் அடங்கிப் போகும், சராசரி மட்டும் ஏறும், சில முரட்டு ஓட்டங்களின் புண்ணியத்தில்.